நாற்பது அடி நடந்த செருப்பு

அப்பா முன்னால் போய்விட்டார். அவருடைய வலது செருப்பின் அடிப்பாகம் பின்னாலேயே நின்றுவிட்டது.

நான்தான் முதலில் பார்த்தேன். சிதம்பரத்தில், பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபத்துக்குப் போகும் சிமென்ட் பாதையில் கறுப்பாக ஏதோ கிடந்தது. யாரோ எதையோ தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். நாலடி தள்ளி அப்பா ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். காலில் செருப்பின் வாரும் மேல்பாகமும் மட்டும் இருந்தன. கீழே வெறும் பாதம்.

"ஸ்டெல்லா, இன்னாம்மா இது?" என்றார். ஏதோ அவர்தான் தப்பு செய்துவிட்டது போல மெதுவாகக் கேட்டார்.

குனிந்து எடுத்தேன். எடுத்ததும் ஓரம் உதிர்ந்தது. கருகிப்போன அதிரசம் போலப் பொடிப்பொடியாக விரலில் ஒட்டியது. நான் நிமிர்வதற்குள் இடது செருப்பும் வாயைப் பிளந்தது.

ஆபீசில் ஒரு நாற்காலிக்காக நான் போட்ட சண்டையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "உங்களுக்குச் சண்டையைத் தவிர வேறு நினைவே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது அம்மா. ஆனால் அதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் எனக்கே தூக்கம் வருகிறது. ஆகவே இந்த வாரமும் சண்டைதான்.

பீரோவில் குடியிருந்த செருப்பு

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் சூசை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் அங்கே காலனியில்தான் இருக்கிறார். தன் பெயரைப் போட்டுக்கொள்ள அவரே அனுமதி கொடுத்துவிட்டார். ஊர்ப் பெயரை மட்டும் நானாக விட்டுவிட்டேன்.

அவருக்குத் தெரிந்த செருப்பு நீல வார் வைத்த ரப்பர் செருப்புதான். வார் அறுந்தால் புது வார். குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்தால்தான் புதுச் செருப்பு. கடலூரில் என் வீட்டுக்கு வரும்போதும் அதே செருப்புதான்.

போன ஆடியில், படிப்பை முடித்திருந்த என் மகள் ரீனாவின் மார்க் ஷீட்டை வாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தோம். திரும்பும்போது சிதம்பரம் தேர் வீதியில் ஒரு செருப்புக் கடை. ஆடித் தள்ளுபடி என்று வாசலை மறைத்து பேனர் கட்டியிருந்தார்கள். அப்பாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

விற்பனைக்கு இருந்த பெண் கீழே உட்கார்ந்து அவர் காலில் செருப்பை மாட்டப் போனாள். அப்பா சுட்டுக்கொண்டவர் போலக் காலை இழுத்துக்கொண்டார். "வாணாம்மா, நானே போட்டுக்குறேன்" என்று குனிந்து அவரே மாட்டினார். காப்பி நிறத்தில் தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு. போட்டதும் அப்பா அரை அங்குலம் வளர்ந்துவிட்டார். கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் கீது. இத எங்க போட்டுக்கினு போறது?" என்றார்.

அதுதான் கேள்வி. எங்கள் வீடுகளில் புதுசு என்று எது வந்தாலும் அதற்கு ஒரு நல்ல நாள் பார்க்க வேண்டும். சாதாரண நாளில் புதுசைப் போட்டால் அந்த நாளுக்கே கூச்சமாக இருக்கும் என்பது போல நடந்துகொள்வோம். அப்பா செருப்புக்குள் செய்தித்தாளைத் திணித்து, இரண்டு அந்துருண்டை போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைச் சணல் கயிற்றால் கட்டி, பீரோவின் மேல்தட்டில் மனைப்பட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கட்டை அவிழ்ப்பார். பழைய வேட்டித் துணியால் துடைப்பார். மறுபடி கட்டுவார்.

கிறிஸ்துமஸ் வந்தது. "கோயில்ல வெளியதான உடணும், எவனாவது மாத்திப் போட்டுக்கினு பூடுவான்" என்றார். பொங்கல் வந்தது. "சாணியும் சகதியுமா கீது" என்றார். பிறகு ஒரு நாள் போனில் முடிவைச் சொன்னார். "பாப்பா பட்டம் வாங்குற அன்னிக்குப் போட்டுக்குறேன்."

அந்த நாளும் வந்தது. பங்குனி வெயில். பஸ் கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று டப்பாவை மஞ்சப்பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பல்கலைக்கழக கேட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டினார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த ரப்பர் செருப்பை எடுத்து அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

"இன்னா பண்ற, நல்லாத்தான கீது?" என்று பதறினார்.

"இனிமே உனக்கு அது எதுக்குப்பா?" என்றேன். அந்த நிமிஷம் நான் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

கேட்டிலிருந்து நாற்பது அடி நடந்திருப்பார்.

போட்டோவில் இல்லாத கால்கள்

ரப்பர் செருப்பைத் தேடிக் குப்பைத் தொட்டிக்குத் திரும்பி ஓடினேன், அதற்குள் தொட்டியைக் காலி செய்துவிட்டிருந்தார்கள். உதிர்ந்த துண்டுகளை அப்பா ஒன்றுவிடாமல் பொறுக்கினார். "வுட்டுட்டுப் போனா நம்பதான் குப்ப போட்டோம்னு சொல்லுவாங்க." எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையில் போட்டு, வெறுங்காலோடு மண்டபத்துக்குள் வந்தார்.

ரீனா மேடை ஏறினாள். அப்பா எழுந்து நின்று கை தட்டினார். பின்னால் இருந்தவர் உட்காரச் சொன்ன பிறகும் தட்டினார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் என் கண் மேடைக்கும் அவர் காலுக்குமாக அலைந்துகொண்டே இருந்தது. அந்த நாளை முழுசாக எனக்குத் தராமல் அந்தச் செருப்பு பாதியைப் பிடுங்கிக்கொண்டது.

பிறகு போட்டோ. அப்பா எங்களோடு சேர்ந்து நிற்காமல் ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். "இங்க வா தாத்தா" என்று ரீனா இழுத்தாள். வரவில்லை. இப்போதும் அந்தப் போட்டோ என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லாருக்கும் கால் உண்டு. அப்பாவுக்கு மட்டும் முட்டிக்குக் கீழே குரோட்டன்ஸ் செடி.

ரீனா கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோழிகளோடு வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுக்கா?" என்றார் அப்பா.

"செருப்புக் கடைக்கு."

"வாணாம்மா. ஆடியில வாங்கனது. இன்னான்னு கேப்ப?"

"வாயால கேப்பேன்" என்றேன்.

கையில் செருப்பு

கடை வாசலில் மினி வேன் ஒன்று நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் ஆட்டோக்காரர் தள்ளியே நிறுத்திவிட்டார். உச்சி வெயில். தார் ரோடு. காட்ட வேண்டுமே என்று அப்பா செருப்பை டப்பாவிலிருந்து வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். இடது கையில் செருப்பு, கை கொஞ்சம் முதுகுப் பக்கமாக ஒளிந்திருந்தது. ரோட்டின் ஓரத்தை ஒட்டி, தலையைக் குனிந்து, வேகமாக.

அந்த நடையை எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கலாம். பள்ளிக்கூடம் லீவு. அப்பாவோடு தபால் கொடுக்கப் போனேன். காக்கிச் சட்டை, தோளில் பை. பெரிய தெரு முனை வந்ததும் அப்பா நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இதே மாதிரி ஓரமாக, இதே மாதிரி தலையைக் குனிந்து நடந்தார்.

"ஏம்ப்பா கழட்டிட்ட?" என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுல மண்ணு ஜாஸ்தி. செருப்பு தேஞ்சிடும்."

நானும் கழற்றிக்கொண்டேன். என் செருப்பும் தேயக் கூடாதே. அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தத் தெரு முனையில் நானாகவே கழற்றியிருக்கிறேன். எங்கள் காலனிக்காரர்கள் பெரிய தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பதை ஒன்பதாம் வகுப்பில் ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போர்டு எதுவும் கிடையாது. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். சர்க்கார் சட்டை போட்ட தபால்காரருக்கும் அதேதான்.

தெரிந்துகொண்ட மறுநாள் நான் கழற்றவில்லை. சாயங்காலம் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்பா என்னைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று மட்டும் சொன்னார். அவர் பொறுத்த பொறுமைக்கு இந்தியாவையே ஆண்டிருக்க வேண்டும். கிடைத்தது காலனியில் மூன்று சென்ட்.

இந்தக் காலத்தில் அந்தத் தெருவில் யாரும் எதுவும் சொல்வதில்லை. பையன்கள் பைக்கில் போகிறார்கள். ஆனாலும் அப்பா அந்தப் பக்கம் போவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார்.

அந்த மனிதரின் கையில்தான் இப்போது மறுபடி செருப்பு. இந்தத் தடவை அதை அவர் கைக்குக் கொண்டுவந்தது நான். நான் வாங்கிக் கொடுத்த செருப்பு, நான் குப்பையில் வீசிய செருப்பு. அவர் அந்தக் கடையிலிருந்து காலில் செருப்போடுதான் வெளியே வர வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

கல்லாவுக்கு முன்னால்

கடை ஓனருக்கு என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். மரியாதையான மனிதர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வாங்கம்மா, உக்காருங்க. என்ன பாக்குறீங்க?"

"பாக்க வரல. காட்ட வந்திருக்கேன்."

அப்பா உள்ளே வரவில்லை. கால் அழுக்காக இருக்கிறது என்று வாசற்படிக்கு வெளியே நின்றார். அவர் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டு போய் ஓனரிடம் நீட்டினேன்.

"பில்லு இருக்கா?" என்று தெம்பாகக் கேட்டார். யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்ற தெம்பு. ஆனால் எங்கள் அப்பா தபால்காரர். அவர் கைக்கு வந்த காகிதம் எதுவும் காணாமல் போனதில்லை. டப்பாவின் அடியில் நாலாக மடித்து வைத்திருந்தார்.

பில்லைப் பார்த்ததும் ஓனர் முகம் தொங்கியது. தேதியைப் பார்த்ததும் மறுபடி மலர்ந்தது.

"ஆடியில வாங்கியிருக்கீங்க. இப்ப பங்குனி. எட்டு மாசம் கழிச்சு வந்து ரிட்டன் கேட்டா எப்படிம்மா? கீழ பாருங்க, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு போட்டிருக்கு."

"எட்டு மாசம் ஆச்சு. நான் இல்லன்னு சொல்லல. போட்டது நாப்பது அடி."

"போடாத செருப்பு எப்படிம்மா பிய்யும்?"

"அதக் கேக்கத்தான் நானும் வந்திருக்கேன்."

கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து செருப்பை வாங்கியது. அன்று அப்பாவுக்கு மாட்டிவிடக் குனிந்த அதே பெண். கலா என்று பெயர்.

"அண்ணே, இது போட்டுத் தேஞ்சது இல்ல. அடியில கோடு அப்படியே இருக்கு பாருங்க" என்றாள். "இந்த சோலு இப்படித்தான். போட்டு நடந்துகிட்டே இருந்தா ஒண்ணும் ஆவாது. காத்து படாம மூடி வெச்சா தானா பொடியாயிடும். நம்ம குடோன்லயே கெடந்து ரெண்டு மூட்ட இப்படி உதிந்துச்சே, அதுக்கு அப்புறந்தான மிச்சத்த ஆடித் தள்ளுபடியில போட்டோம்?"

ஓனர் அவளைப் பார்த்த பார்வையில் அவளே உதிர்ந்திருக்க வேண்டும். "நீ உள்ள போயி ஸ்டாக்கப் பாரு" என்றார்.

ஆக, கடைக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அப்பா எட்டு மாதம் துடைத்துத் துடைத்து வைத்தது செருப்பை அல்ல, ஒரு பொடியை. எனக்குக் காது சூடாகிவிட்டது. செருப்பை அப்படியே கல்லா மேசை மேல் வைத்தேன்.

"அம்மா, அம்மா! அத கல்லா மேல வெக்காதீங்க, சாமி படம் இருக்கு. கையில வெச்சிக்கிங்க. இல்லன்னா வெளிய வெச்சிட்டு வாங்க."

அவர் வேறு எதுவும் நினைத்துச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் என் காதில் விழுந்தது வேறு.

"எங்கப்பா கையில செருப்பு வெச்சிக்கினு நடந்ததெல்லாம் போதுங்க" என்றேன். "இனிமே அது கால்லதான் இருக்கும். இந்தக் கடையில அதுக்கு வழி பண்ணாம நாங்க போறதா இல்ல."

குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஓனர் கல்லாவைத் திறந்தார். பிறகு பாதிக் காசு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். "சரி, பெரியவர் வூட்டுக்குப் போற வரைக்கும் ஒரு ரப்பர் செருப்பு தரச் சொல்றேன்" என்றார். வாசலிலிருந்து அப்பா, "அது போதும்மா, வா" என்றார்.

"போதாது" என்றேன் இரண்டு பேருக்கும் சேர்த்து.

வந்தவர்களிடம் எல்லாம் சொன்ன கதை

செருப்பு போட்டுப் பார்க்கும் பெஞ்சில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அப்பாவையும் உள்ளே வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உதிர்ந்த அடிப்பாகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். லீவு போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். எனக்கு என்ன அவசரம்?

மடியில் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாம் பேச வேண்டியதே இல்லை. உள்ளே வருகிறவர்கள் அவர்களே கேட்கிறார்கள். முதலில் ஓர் அம்மாவும் மருமகளும். "என்னாச்சும்மா?" ஆடித் தள்ளுபடியிலிருந்து ஆரம்பித்தேன். அந்துருண்டையை விடவில்லை. அவர்கள் செருப்பு பார்க்காமலே போய்விட்டார்கள். அடுத்தது இரண்டு காலேஜ் பெண்கள். அவர்களுக்கும் ஆடியிலிருந்துதான். ஓனர் விசிறியைப் பெரிதாகச் சுற்றவிட்டார், அந்தச் சத்தத்தில் என் குரல் அமுங்கட்டும் என்று. நானும் பெரிதாகப் பேசினேன்.

அப்பா பக்கத்தில் முள் மேல் உட்கார்ந்திருப்பது போல் இருந்தார். "போதும் ஸ்டெல்லா" என்று இரண்டு தடவை என் முழங்கையைத் தொட்டார்.

மூன்றாவதாக ஒரு பெரியவர் வந்தார். அப்பாவை விட இரண்டு வயது கூட இருக்கும். நேராகப் போய் அதே காப்பி நிறம், அதே தடித்த அடிப்பாகம் வைத்த ஜோடியைக் கையில் எடுத்தார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அப்பா பேசினார்.

"ஐயா, இத வாங்கிக்கிங்க. ஆனா ஒண்ணு."

பெரியவர் திரும்பினார். "என்னங்க?"

"நாளைக்குன்னு வெக்காதீங்க. இங்கியே போட்டுக்கினு, நிக்காம நடந்துகினே இருங்க. நின்னீங்கன்னா உதுந்திடும்."

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, கோபம் இல்லை. தபாலைக் கொடுத்துக் கையெழுத்து கேட்பது போலச் சொன்னார். பெரியவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார், என் மடியிலிருந்ததைப் பார்த்தார். அதைப் பழையபடி இடத்தில் வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து கலா சிரிக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் ஓனருக்கும் வந்துவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

நான் முக்கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது அங்கே நடந்தது.

"கலா, பெரியவருக்கு எட்டாம் நம்பர்ல தோல் செருப்பு எடு" என்றார் ஓனர். அவரே வாங்கி அப்பாவின் முன்னால் வைத்தார். "இது தெச்ச சோலு, பெரியவரே. எத்தினி வருசம் வெச்சாலும் ஒண்ணும் ஆவாது."

"வெக்க மாட்டேன்" என்றார் அப்பா.

கலா டப்பாவை நீட்டினாள். அதையும் வேண்டாம் என்றுவிட்டார். காலில் போட்டுக்கொண்டு எழுந்து, படியிறங்கி, தேர் வீதியில் நடந்தார்.

கலாவுக்கு அன்று என்னால் திட்டு விழுந்திருக்கும் என்று எனக்கு உறுத்தல். அடுத்த மாதம் அதே கடையில் எனக்கும் ஒரு செருப்பு வாங்கினேன். அவள் அங்கேதான் இருக்கிறாள், வாயும் அப்படியேதான் இருக்கிறது.

தெரு முனையில்

அன்று அப்பாவை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவதென்று, புவனகிரி வழியாகக் குறிஞ்சிப்பாடி போகிற பஸ்ஸில் நானும் ஏறினேன். ஊரில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வழக்கப்படி வாய்க்கால் பக்கம் திரும்புவார் என்று நான் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பா வரவில்லை. பெரிய தெரு முனையில் நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் போனேன். அப்பா குனிந்தார். கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். ஏழு வயதில் பார்த்தபோது குனிந்த மாதிரியே குனிந்தார். அவர் வாரை இன்னொரு ஓட்டை உள்ளே தள்ளி இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். தெருவுக்குள் நடந்தார். ஓரமாக இல்லை, நடுவில். புதுத் தோல் ஒவ்வோர் அடிக்கும் கிரீச் கிரீச் என்றது.

பாதித் தெரு தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, இத்தினி வருஷம் இந்தத் தெருவுல செருப்பக் கையில தூக்கினு போனியே, உனக்குக் கோவமே வராதா?" என்று கேட்டேன்.

"கையில எங்க தூக்கனேன்?" என்றார். "நீ கூட வந்த அன்னிக்குத்தான். பையில போட்டா ஏன் எதுக்குன்னு நீ நூறு கேள்வி கேப்ப. மத்த நாள்லாம் பையிலதான்."

"தபால் பையிலயா?"

"ஆமா. இவுங்க தெரு லெட்டரெல்லாம் அடியில. அதுங்க மேல என் செருப்பு. பைக்குள்ள எவன் எட்டிப் பாக்குறான்?"

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா நிறுத்தவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கல்யாணப் பத்திரிக வரும் பாரு, மூலையில மஞ்ச தடவி. அத என் செருப்புக்கு அடியிலருந்து உருவிக் குடுப்பேன். வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கினு உள்ள எடுத்துக்கினு போவாங்க" என்றார். "இருவது வருசம், எல்லா வூட்டுக்கும்."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. மெதுவாகப் பேசுப்பா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"எல்லா வூட்டுக்கும்" என்று அப்பா இன்னொரு தடவை, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.